மதுரைச் சமவெளியில் குமிழத் தாவரங்கள்

குமிழத் தாவரங்கள் என்பவை மண்ணுக்குள் உணவைச் சேமித்து வைத்து, ஆண்டின் சாதகமற்ற பருவத்தை இலையின்றி அல்லது வளர்ச்சியின்றிக் கழித்து, பருவம் மாறியதும் மீண்டும் துளிர்க்கும் பல்லாண்டுத் தாவரங்கள் ஆகும். வெங்காயம், பூண்டு, சம்பங்கி, மழை லில்லி, விஷமூங்கில் ஆகியவை நமக்குப் பழக்கமானவை. கந்தம், கிழங்கு, மட்டநிலத்தண்டு ஆகியவற்றால் வளரும் கிளாடியோலஸ், செங்காந்தள், கல்வாழை போன்றவற்றையும் தோட்டக்கலையில் இத்தொகுதியிலேயே சேர்த்துப் பேசுவது வழக்கம்.

குளிர்நாடுகளில் இத்தாவரங்களுக்கு ஓய்வு தருவது பனிக்காலம். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் போன்ற சமவெளிப் பகுதிகளில் ஓய்வு தருவது வறட்சி. எந்தக் குமிழம் இங்கே பூக்கும், எது அழுகும், எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே விடை கிடைக்கும். இக்கட்டுரை, காளவாசல் போன்ற நகர்ப் பகுதிகளில் மொட்டைமாடியிலும் வாசல் தொட்டியிலும் இவற்றை வளர்ப்போருக்கும், இவற்றைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் அடிப்படைச் செய்திகளைத் தருகிறது.

நிலத்தடி உறுப்பு வகைகள்

பேச்சுவழக்கில் மண்ணுக்குள் பருத்திருக்கும் எல்லாவற்றையும் கிழங்கு என்றே சொல்கிறோம். தாவரவியலில் அவை நான்கு முக்கிய வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

குமிழம்: இதில் தண்டு மிகவும் குறுகி, அடியில் ஒரு தட்டுப்போல் இருக்கும். அந்தத் தட்டின் மேல் சதைப்பற்றுள்ள செதில் இலைகள் ஒன்றையொன்று சுற்றி அடுக்கியிருக்கும். உணவு சேமிக்கப்படுவது இந்த இலைகளில். தட்டின் அடியிலிருந்து வேர்கள் வரும். வெங்காயம், மழை லில்லி, விஷமூங்கில் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

கந்தம்: இது பருத்த தண்டு. வெட்டினால் அடுக்குகள் தெரியாது, முழுவதும் ஒரே திடப்பொருளாக இருக்கும். கிளாடியோலஸ், சேனைக்கிழங்கு ஆகியவை இவ்வகை. கிளாடியோலஸில் ஒவ்வொரு பருவத்திலும் பழைய கந்தம் சுருங்கிப் போய், அதன் மேல் புதிய கந்தம் உருவாகிறது. சுற்றிலும் சிறு கந்தங்களும் தோன்றும்.

மட்டநிலத்தண்டு: மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் தண்டு. கணுவும் இடைக்கணுவும் தெளிவாகத் தெரியும். இஞ்சி, மஞ்சள், கல்வாழை ஆகியவை இவ்வகை.

கிழங்கு: தண்டின் நுனியோ வேரோ பருத்து உருவாவது. உருளைக்கிழங்கு தண்டுக்கிழங்கு, டாலியா வேர்க்கிழங்கு.

வெங்காயத்தை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பார்த்தால் குமிழத்தின் அமைப்பு முழுவதும் விளங்கும். வெளியே காய்ந்த தாள்போன்ற தோல், உள்ளே சதைச் செதில்கள், அடியில் தட்டு, நடுவில் அடுத்த பருவத்துக்கான மொட்டு. சின்ன வெங்காயத்தில் ஒரே தட்டின் மேல் பல மொட்டுகள் இருப்பதையும் காணலாம். ஒரு சின்ன வெங்காயத்தை நட்டால் கொத்தாகப் பல வெங்காயம் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

ஓய்வுக்காலம்

குமிழம் ஓய்வில் இருக்கும்போது வெளியே பார்ப்பதற்கு உயிரற்றது போலத் தோன்றினாலும், உள்ளே வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. பல குமிழங்களில் அடுத்த பருவத்தின் பூமொட்டு இக்காலத்திலோ அதற்கு முன்போ உள்ளேயே உருவாகிவிடுகிறது. வெளியே பூ வருவது, உள்ளே முடிந்துவிட்ட ஒரு வேலையின் கடைசிக் கட்டம் மட்டுமே. ஆகவே ஓய்வு கெட்டால் பூவும் கெடும்.

டியூலிப் மலர் மதுரையில் நிலைக்காததன் காரணம் இதுவே. டியூலிப் குமிழத்துக்குள் இருக்கும் பூத்தண்டு சரியாக நீள வேண்டுமானால், அது சுமார் 12 வாரங்களோ அதற்கு மேலோ குளிரில் இருந்தாக வேண்டும். காஷ்மீரில் பனிக்காலம் அந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் ஸ்ரீநகரில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்தில் இளவேனிலில் பூக்கள் குவிகின்றன. குளிரூட்டிப் பதப்படுத்திய குமிழத்தை வாங்கி மதுரையில் நட்டால் சில சமயம் ஒருமுறை பூக்கலாம். அடுத்த ஆண்டுக்கு அது தானாகத் தயாராகாது. இணையத்தில் அழகிய படத்தைக் கண்டு வாங்கும் டியூலிப், டாஃபோடில், ஹயசிந்த் குமிழங்களில் பணம் வீணாவது பெரும்பாலும் இதனால்தான்.

இதே வேறுபாட்டைச் சமையலறையிலும் காணலாம். பூண்டு, பல்லாகப் பிரிந்து முற்றுவதற்குக் குளிர்ச்சியை விரும்பும் பயிர். அதனால் அது கொடைக்கானல் மலையில் விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. சின்ன வெங்காயமோ வெப்பத்தைத் தாங்கி, திண்டுக்கல் சமவெளியில் நன்றாக விளைகிறது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு அவற்றின் இடத்தைப் பிரித்துவிடுகிறது.

மதுரையில் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 850 மி.மீ. அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை சில நாட்கள் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்பாலும் வறட்சி. நீண்ட வறட்சி, திடீர் மழை, மறுபடி வறட்சி என்ற இந்த ஒழுங்குக்குப் பழகிய குமிழங்கள் உலகின் வெப்பப் பகுதிகளில் ஏராளம். நமக்கு ஏற்றவை அவையே.

சமவெளிக்கு ஏற்ற பூக்கள்

சம்பங்கி

நிலசம்பங்கி என்றும் அழைக்கப்படும் இது, தமிழ்நாட்டுச் சமவெளியில் வணிக அளவில் பயிரிடப்படும் முதன்மையான குமிழப் பூ. தாயகம் மெக்சிகோ. நீண்டகாலம் பாலியாந்தஸ் டியூபரோசா எனப்பட்ட இதன் இன்றைய அறிவியல் பெயர் அகேவ் அமிக்கா. அதாவது, வேலியோரக் கற்றாழை வகைகளுக்கு இது நெருங்கிய உறவு. மரத்தில் பூக்கும் செண்பகம் முற்றிலும் வேறு தாவரம். பெயர் ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஓர் அடுக்கு இதழ் கொண்ட வகைகள் உதிரிப்பூவாகப் பறிக்கப்பட்டு மாலைக்குச் செல்கின்றன. வாசனைப்பொருள் தயாரிக்கவும் இவையே பயன்படுகின்றன. பல அடுக்கு இதழ் கொண்ட வகைகள் தண்டோடு வெட்டப்பட்டு மேடை அலங்காரத்துக்கும் பூச்செண்டுக்கும் போகின்றன. பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், பிரஜ்வல் ஆகிய ஓரடுக்கு வகைகளையும், சுவாசினி, வைபவ் ஆகிய பல அடுக்கு வகைகளையும் வெளியிட்டுள்ளது. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், காமாக் கதிர்வீச்சின் மூலம் இலையில் வெள்ளி, பொன்னிறக் கோடுகள் கொண்ட ரஜத் ரேகா, சுவர்ண ரேகா ஆகியவற்றை உருவாக்கியது.

ஜூன், ஜூலை மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு நல்லது. வயலில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி விட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 1,12,000 கிழங்குகள் தேவைப்படும். தோண்டியெடுத்த கிழங்கை உடனே நடாமல், ஒரு மாதம் நிழலில் உலரவைத்து நடுவது வழக்கம். இங்கேயும் ஓய்வுதான் முன்னிற்கிறது. நட்ட சுமார் மூன்று மாதங்களில் பூத்தண்டு வரத் தொடங்கும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றித் தோன்றும் பக்கக் கிழங்குகளே அடுத்தடுத்துப் பூக்கும். ஒரே தோட்டம் இரண்டு, மூன்று ஆண்டுகள் பலன் தருவது இப்படித்தான்.

சம்பங்கி மொட்டு மாலையில் விரியத் தொடங்கி இரவில் மணம் வீசும். எனவே பூவை விடியற்காலையிலேயே பறித்துச் சந்தைக்கு அனுப்புகின்றனர். மதுரை மாட்டுத்தாவணி, திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை ஆகிய பூச்சந்தைகளில் மல்லிகைக்கு அருகிலேயே சம்பங்கியும் எடைபோட்டு விற்கப்படுகிறது. முகூர்த்த நாட்களில் விலை ஏறுவதும் மற்ற நாட்களில் இறங்குவதும் இதற்கும் உண்டு.

மழை லில்லி

வறண்ட மண்ணில் நல்ல மழை பெய்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் தொட்டி முழுவதும் பூத்துவிடும் சிறு குமிழம் இது. பேரினப் பெயர் செபிராந்தஸ். கிரேக்க மொழியில் மேலைக்காற்றின் பூ என்று பொருள். இதன் எல்லா இனங்களும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நம் தோட்டங்களில் வெள்ளை (செ. கேண்டிடா), மஞ்சள் (செ. சிட்ரினா), சிறிய இளஞ்சிவப்பு (செ. ரோசியா), பெரிய இளஞ்சிவப்பு (செ. கரினாட்டா) ஆகியவை பரவலாக உள்ளன. ஒரு தண்டுக்கு ஒரு பூ. ஒரு பூ ஓரிரு நாட்களே நிற்கும். ஆனால் தொட்டியில் பல குமிழங்கள் நெருங்கியிருந்தால் ஒரு வாரம் வரை காட்சி தொடரும்.

தினமும் தண்ணீர் விடும் தொட்டியில் இலை மட்டும் செழித்து, பூ குறைவாக இருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். இரண்டு, மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி, பிறகு மண் முழுவதும் ஊறும்படி விட்டால் பூக்கும் வாய்ப்பு கூடும். வெள்ளை வகை மட்டும் ஈரத்தை ஓரளவு விரும்பும்.

இப்பூக்களில் இந்தியாவின் பங்கும் உண்டு. வில்லியம் கேரி 1820ஆம் ஆண்டு கொல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில் பணியாற்றிய சிட்னி பெர்சி லங்காஸ்டர், செபிராந்தஸ் வகைகளையும் அதற்கு நெருங்கிய கூப்பேரியா வகைகளையும் கலந்து பல புதிய கலப்பினங்களை உருவாக்கினார்.

ஹிப்பியாஸ்ட்ரம்

நாற்றுப்பண்ணைகளில் அமரில்லிஸ் என்ற பெயரில் விற்கப்படும் பெரிய எக்காள வடிவப் பூ இது. உண்மையான அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு தாவரம். ஹிப்பியாஸ்ட்ரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, பூத்தண்டை வெட்டிப் பார்ப்பது: ஹிப்பியாஸ்ட்ரத்தின் தண்டு உள்ளீடற்ற குழாய், அமரில்லிஸின் தண்டு திடமானது. மதுரையில் ஹிப்பியாஸ்ட்ரம், குளிர்மாத ஓய்வுக்குப் பின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூக்கும். பொதுவாக, நான்கு இலைகள் உருவாகும்போது ஒரு பூமொட்டு குமிழத்துக்குள் தோன்றுகிறது. ஆகவே பூ முடிந்ததும் இலைகளை வெட்டிவிடுவது அடுத்த ஆண்டுப் பூவை வெட்டுவதற்குச் சமம்.

விஷமூங்கிலும் சிலந்தி லில்லியும்

விஷமூங்கில் (கிரைனம் ஆசியாட்டிக்கம்) ஆசியக் கடற்கரைகளுக்கு உரியது. அகன்ற நீண்ட இலைகளும், இரவில் மணக்கும் குறுகிய இதழ்களையுடைய வெள்ளைப் பூக்கொத்தும் கொண்டது. இதன் பருத்த விதை நீரில் மிதக்கும். மண்ணோ நீரோ இல்லாமலேயே முளைவிடும் அளவுக்கு அதில் ஈரமும் உணவும் உள்ளன. சிலந்தி லில்லி (ஹைமனோகாலிஸ்) இதைப் போலவே தோன்றினாலும், பூவின் நடுவில் மகரந்தத்தாள்களை இணைக்கும் மெல்லிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று இருக்கும். விஷமூங்கிலில் அது கிடையாது. இரண்டும் பராமரிப்பு அதிகம் கேட்காமல் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பவை என்பதால் பூங்காக்களில் ஓரச்செடியாக நடப்படுகின்றன.

ஃபுட்பால் லில்லி

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஸ்கேடாக்சஸ் மல்டிபுளோரஸ். கோடை மழை தொடங்கும் சமயத்தில் இலைக்கு முன்பே தண்டு எழுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்த சிவப்புப் பந்தாக மலரும். மழைக்காலத்தில் இலையோடு இருந்து, பிறகு முழுவதும் மறைந்துவிடும். இலை மறைந்த தொட்டியைச் செடி செத்துவிட்டது என்று கொட்டிவிடும் தவறு இதில்தான் அதிகம் நடக்கிறது.

செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. அறிவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. இதன் நிலத்தடி உறுப்பு கலப்பை வடிவில் இரண்டு கவையாகப் பிரிந்த கிழங்கு. கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்ற பெயர்களும் உண்டு. சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்தோடு இணைத்துப் பேசப்படும் இம்மலர், கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலில் முதலில் நிற்கிறது.

இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும் இக்கொடி, மழைக்காலத்தில் வளர்ந்து பூத்து, காய்த்து, வறட்சியில் மண்ணுக்கு மேலே முழுவதும் காய்ந்துவிடும். பூவின் நிறம் பசுமஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சாகி, சிவப்பாக முடியும். கிழங்கின் ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு வளர்மொட்டுதான் உண்டு. தோண்டும்போதோ நடும்போதோ அந்த நுனி முறிந்தால் அந்தக் கவை முளைக்காது.

திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம், திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம், கரூர் மாவட்டப் பகுதிகள், வேதாரண்யம் ஆகிய இடங்களில் இது மருந்துப் பயிராக விளைகிறது. பந்தலில் கொடியை ஏற்றி, காய்ப்பை உறுதி செய்ய விவசாயிகள் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்கின்றனர். விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்கிசின், கவுட் எனப்படும் மூட்டு நோய்க்கான மருந்து.

மலையில் மட்டும் சிறப்பவை

கிளாடியோலஸை மதுரையில் அக்டோபர், நவம்பரில் நட்டுக் குளிர்மாதங்களில் பூக்கவைக்கலாம். ஆனால் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில்தான் அது தடித்த தண்டும் பெரிய பூவும் தருகிறது. ஏசியாட்டிக் லில்லி போன்ற உண்மையான லில்லிகளும் அம்மலைகளில் பசுமைக்குடில்களில் வளர்க்கப்படுபவை.

வளர்ப்பு முறை

மண்: குமிழத்தின் முதல் எதிரி தேங்கும் நீர். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் நீரைப் பிடித்துவைக்கும். அதில் நடுவதானால் மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். தொட்டிக்குச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலப்பது போதுமானது. தொட்டியின் அடியிலுள்ள துளை அடைபடாமல் இருக்க ஓட்டுச்சில்லு அல்லது செங்கல் துண்டு வைக்கலாம். காளவாசல் என்ற சொல்லுக்கே செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளை என்பதுதான் பொருள்.

நடும் ஆழம்: சம்பங்கிக் கிழங்கின் மேல் சுமார் 2.5 செ.மீ. மண் போதும். மழை லில்லியை 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் நெருக்கமாக நடலாம். ஹிப்பியாஸ்ட்ரத்தின் கழுத்துப் பகுதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் அழுகும். செங்காந்தள் கிழங்கைப் படுக்கைவாட்டில், நுனி முறியாமல் வைத்து மூட வேண்டும்.

தண்ணீர்: இலை வளரும்போது மேல்மண் காய்ந்தபின் நிறைய விட வேண்டும். இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கினால் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். ஓய்வில் இருக்கும் தொட்டியை மழை படாத, காற்றோட்டமான நிழலில் வைப்பது நல்லது. தினமும் ஒரு குவளை என்ற பழக்கம் மல்லிகைக்கும் துளசிக்கும் பொருந்தலாம். குமிழத்துக்குப் பொருந்தாது.

உரம்: இலை முளைத்ததும் மண்புழு உரம் இடலாம். பூ முடிந்தபின் இடும் உரமே அடுத்த ஆண்டுக்கான சேமிப்பாகிறது. ஓய்வில் உரம் தேவையில்லை.

பெருக்கம்: தாய்க்குமிழத்தைச் சுற்றி வரும் பக்கக்குமிழங்களைப் பிரித்து நடுவது எளிய வழி. மழை லில்லியின் கறுத்த தட்டையான விதைகளைக் காய் வெடித்தவுடன் விதைத்தால் சில வாரங்களில் முளைக்கும். ஹிப்பியாஸ்ட்ரம் குமிழத்தை நெடுக்காகப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் அடித்தட்டின் ஒரு பகுதியும் இரண்டு செதில்களும் இருக்கும்படி பிரித்து, ஈர மணலில் வைத்தாலும் சிறு குமிழங்கள் தோன்றும். அடித்தட்டு இல்லாத செதில் பயன்படாது.

பூச்சி, நோய்: கறுப்பு உடலில் வெள்ளை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் கொண்ட லில்லிப் புழு, செங்காந்தள், விஷமூங்கில், மழை லில்லி ஆகியவற்றின் இலைகளை ஓரிரு நாளில் தின்று தீர்க்கும். கையால் பொறுக்கி அகற்றுவதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். செதில்களுக்கிடையே ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சியைக் குமிழத்தைக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசலில் துடைத்து நீக்கலாம். சம்பங்கியில் வேர்முடிச்சு நூற்புழு பெரும் இழப்பைத் தரும். ஒரே நிலத்தில் தொடர்ந்து நடாமல் இடம் மாற்றுவது உதவும். அழுகிய, மென்மையான குமிழங்களை மற்றவற்றோடு சேமிக்கக் கூடாது.

மதுரைக்கான பருவ ஒழுங்கு

- தை, மாசி: பெரும்பாலான குமிழங்களுக்கு ஓய்வு. காய்ந்த செங்காந்தள் கிழங்கைத் தோண்டிச் சேமிக்கலாம். நெருங்கிய கொத்துகளைப் பிரிக்கலாம்.
- பங்குனி, சித்திரை: ஹிப்பியாஸ்ட்ரம் பூக்கும். கோடை மழைக்குப் பின் மழை லில்லியும் ஃபுட்பால் லில்லியும் எழும். மொட்டைமாடித் தொட்டிகளுக்கு நண்பகல் நிழல் தேவை.
- வைகாசி முதல் ஆடி வரை: சம்பங்கி, செங்காந்தள் நடவு.
- ஆவணி, புரட்டாசி: மாலை மழைகளுக்குப் பின் மழை லில்லி மீண்டும் பூக்கும். இலை வளரும் எல்லாத் தொட்டிகளுக்கும் உரம் இடும் காலம்.
- ஐப்பசி, கார்த்திகை: செங்காந்தள் பூக்கும். வடிகால் சரியில்லாத தொட்டிகளில் அழுகல் வருவதும் இப்போதுதான்.
- மார்கழி: தண்ணீரைக் குறைக்கத் தொடங்கலாம்.

நச்சுத்தன்மை

சேமிப்பு இருக்கும் இடத்தில் காவலும் இருக்கும். மாவும் சர்க்கரையும் நிறைந்த குமிழத்தை எலி, பன்றி, பூச்சி ஆகியவற்றிடமிருந்து காப்பது அதிலுள்ள நச்சுப்பொருள்கள். விஷமூங்கில், மழை லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம், சிலந்தி லில்லி ஆகியவற்றில் லைகோரின் என்னும் பொருள் உள்ளது. தின்றால் கடும் வாந்தி உண்டாகும். நரி வெங்காயத்தில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருள்கள் உள்ளன.

இவற்றில் மிகக் கொடியது செங்காந்தள் கிழங்கு. இதை உண்ணத்தக்க கிழங்கு என்று தவறாகக் கருதித் தின்றவர்கள் இறந்த நிகழ்வுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். அடுத்த நாட்களில் எலும்பு மச்சை, சிறுநீரகம், இதயம் ஆகியவை பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் சில வாரங்களில் தலைமுடி உதிர்வதுண்டு. வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. தின்றது தெரிந்தவுடன், செடியின் ஒரு பகுதியோடு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை. அலங்காரக் குமிழங்களைச் சமையலறையிலோ வெங்காயக் கூடையிலோ வைக்கக் கூடாது. பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் சேமிக்க வேண்டும். தோண்டியபின் கை கழுவ வேண்டும். வெங்காயத்தை அடையாளம் காட்டுவது அதன் மணம். அந்த மணம் இல்லாத வெங்காய வடிவக் குமிழம் எதையும் உணவாகக் கருதக் கூடாது.

மாணவர்களுக்கான ஆய்வுகள்

குமிழத் தாவரங்கள் செலவின்றி அறிவியல் கற்க ஏற்றவை.

மழையும் பூவும்: ஒரே அளவு குமிழங்கள் கொண்ட மழை லில்லித் தொட்டிகளை இரண்டு குழுவாகப் பிரித்து மழை படாத இடத்தில் வைக்கவும். ஒரு குழுவுக்குத் தினமும் தண்ணீர் விடவும். மற்றதை மூன்று வாரம் காயவிட்டு, பிறகு ஒரே நாளில் நன்றாக ஊறவைக்கவும். இரண்டிலும் ஒவ்வொரு நாளும் மலர்ந்த பூக்களை எண்ணிப் பதியவும். ஒரு தொட்டியை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குழுவுக்கு நான்கைந்தாவது இருக்க வேண்டும். திறந்தவெளித் தொட்டிகளையும் கவனிப்பதானால் மழையளவையும் குறிக்கலாம். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளே மழைநாள்.

வேர்நுனியும் கோல்கிசினும்: வெங்காயத்தை நீர் நிறைந்த குவளையின் வாயில் வைத்து வேர்விடச் செய்து, வேர்நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது செல்பிரிதலுக்கான வழக்கமான செய்முறை. வெங்காயத்தின் 16 குரோமோசோம்களும் பெரியவை என்பதால் எளிதில் தெரியும். கோல்கிசின் இந்தப் பிரிதலைத்தான் தடுக்கிறது. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்இழைகள் உருவாகாமல் செய்துவிடுவதால், பிரிய வேண்டிய குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கி எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. எலும்பு மச்சை போன்று விரைவாகப் பிரியும் செல்கள் செங்காந்தள் நச்சால் முதலில் பாதிக்கப்படுவதற்கும், 1937ஆம் ஆண்டு முதல் பயிர் மேம்பாட்டாளர்கள் இதே பொருளைப் புதிய வகைகள் உருவாக்கப் பயன்படுத்தியதற்கும் அடிப்படை ஒன்றே. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தில் மக்னோலியா நாற்றுகளில் கோல்கிசின் செலுத்தி ஆராய்ந்தார். டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துத் தரும் நூல் 1945இல் வெளிவந்தது. கோல்கிசின் நச்சு என்பதால் பள்ளியில் அதைக் கையாளக் கூடாது. வெங்காய வேர்நுனிச் செய்முறையே போதுமானது.

குடும்பம் அறிதல்: பழைய நூல்களில் வெங்காயம், செங்காந்தள், நரி வெங்காயம் எல்லாம் லில்லியேசி குடும்பத்தில் இருக்கும். டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பின் வெங்காயமும் விஷமூங்கிலும் மழை லில்லியும் அமரில்லிடேசியிலும், சம்பங்கியும் நரி வெங்காயமும் அஸ்பராகேசியிலும், செங்காந்தள் கோல்கிகேசியிலும் வைக்கப்படுகின்றன. தேர்வுக்குப் படிப்போர் தம் பாடநூல் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாதிரி சேகரித்தல்: குமிழம் தடிமனாக இருப்பதால் அப்படியே அழுத்திக் காயவைக்க முடியாது. நெடுக்காக வெட்டி, ஒரு பாதியை அழுத்த வேண்டும். பூ நிறம், மணம், மலரும் நேரம் ஆகியவை காய்ந்த மாதிரியில் தெரியாது. எனவே எடுத்த அன்றே எழுதிவைக்க வேண்டும். சமவெளித் தாவரங்களை அடையாளம் காண, திருச்சி தூய வளனார் கல்லூரியிலுள்ள ராபினாட் தாவர மாதிரியகத்தை நிறுவிய கே. எம். மேத்யூவின் தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரத் தொகுதிகள் சிறந்த துணை.

காட்டுக் குமிழங்களின் பாதுகாப்பு

தோட்டத்துக்கு வந்தவற்றில் பல வெளிநாட்டவை என்றாலும், நம் மண்ணுக்கே உரிய குமிழங்களும் உண்டு. கண்மாய்க் கரைகளிலும் ஆற்றோரங்களிலும் வளரும் கிரைனம் இனங்கள், வறண்ட நிலத்தில் இலைக்கு முன்பே பூத்தண்டு எழுப்பும் நரி வெங்காயம், வேலிகளில் ஏறும் செங்காந்தள் ஆகியவை அவற்றில் சில. ஆண்டின் பெரும்பகுதி இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடையில் ஓர் இடத்தைப் பார்த்து, வெறும் பொட்டல் என்று மண் அள்ளும்போதும் சமப்படுத்தும்போதும் இழக்கப்படுவது இவைதான். நிலத்தை மழைக்காலத்திலும் ஒருமுறை பார்க்காமல் அங்கே எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது.

செங்காந்தளுக்கு மற்றொரு ஆபத்தும் உள்ளது. விதையைப் பறித்தால் செடி மிஞ்சும். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். மருந்துக்காகவும் நடவுக்காகவும் காட்டிலிருந்து கிழங்கு எடுக்கப்படுவது, இயற்கையில் அதன் எண்ணிக்கை குறைய முக்கியக் காரணம். காப்புக்காடுகளிலிருந்து தாவரங்களை எடுப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டிய கிழங்கையும் விதையையும் பயிரிடும் விவசாயிகளிடமிருந்தோ நாற்றுப்பண்ணைகளிலிருந்தோ வாங்கலாம். விதையிலிருந்து வளர்க்கும் செங்காந்தள் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். கூடவே பக்கக்குமிழங்களை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. ஒரு தொட்டி மழை லில்லி, மூன்று ஆண்டுகளில் ஒரு தெருவுக்கே போதுமான அளவு பெருகிவிடும்.